விரலால் ஊட்டக் கூடாது

ஜூன் 3, திங்கள்

ஜெசிந்தா மேடம் சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்கியிருக்கிறேன். தத்து மையத்திலிருந்து வீடு பார்க்க வந்தவர், தினமும் இரண்டு வரியாவது எழுதுங்கள், மனசில் என்ன ஓடுகிறதென்று உங்களுக்கே தெரியும் என்றார். படிக்கக் கேட்க மாட்டாராம். இருந்தாலும் கையெழுத்தைக் கொஞ்சம் அழகாகவே போடுகிறேன்.

முதல் பக்கத்தில் யாரென்று எழுத வேண்டுமில்லையா. கோகிலவாணி, முப்பத்தெட்டு வயது. ஈரோட்டில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். மாமியார் எங்களோடு இருக்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. இதை எழுதும்போது பேனா நிற்குமென்று நினைத்தேன், நிற்கவில்லை.

போன வாரம் மேடம் வந்தபோது, நாய், பூனை ஏதாவது வளர்த்த பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் சும்மாதான் கேட்டார், எனக்குத்தான் பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டது போல இருந்தது. இவருக்கும் அது உறுத்தியிருக்கிறது. நேற்று பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே முள்ளெலி. வெளிநாட்டு ஜாதியாம். நம்மூர் முள்ளெலியைப் பிடித்து வைத்தால் கேஸாகிவிடுமாம்.

"அடுத்த தடவ மேடம் வர்றப்ப, இத எப்படிப் பாத்துக்கறேன்னு காட்டலாம் கோகிலா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை யோசிக்கிற மனுஷன் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பெருச்சாளிக்கு எதற்கடா பஸ் டிக்கெட் என்றார். நான் கடுகு என்று பேர் வைத்தேன். அடுத்து மேடம் வருவது ஜூலை 12.

ஜூன் 4, செவ்வாய்

கடுகு நாளெல்லாம் உருண்டு கிடந்தது. அது சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று ஒட்டிக்கொண்டது!

எல்லாம் அத்தை சொன்ன வழிதான். "தட்டுல வெச்சா யாரு வெச்சான்னு அதுக்கென்ன தெரியும்? கையில ஊட்டு அம்மிணி. கையில ஊட்டுனா ஒட்டாத சீவன் உண்டா?" என்றார். சரிதானே. இவருடைய தங்கை மகனுக்கு நான் மடியில் வைத்து ஊட்டியதால்தான் இன்றைக்கும் என்னைக் கண்டால் ஓடி வருகிறான்.

கடுகு சாயங்காலம்தான் கண் விழிக்கும். விளக்கு வைத்துவிட்டு, அவித்த முட்டையை உதிர்த்து ஆட்காட்டி விரல் நுனியில் வைத்து நீட்டினேன். முதலில் புஸ்ஸென்று சீறி முள்ளைச் சிலிர்த்தது. அப்புறம் மூக்கு மட்டும் வெளியே வந்தது. ஈரமாக, ஓயாமல் துடிக்கிற மூக்கு. விரலை மோந்தது, முட்டையைத் தின்றது. தின்றுவிட்டு விரலை நக்கியது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. முத்தம் கொடுக்கிற மாதிரியே இருந்தது.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா ஊட்டறே" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

கடித்துவிட்டது.

முத்தம் கொடுத்த அதே விரலை. கையில் இரைகூட இல்லை, வெறுமனே தடவிக்கொடுக்கத்தான் போனேன். நக்கியது, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், அடுத்த நொடி பல் இறங்கியது. உதறினால்தான் விட்டது. பெரிய காயமில்லை, இரண்டு சின்னப் புள்ளிகள். வலித்தது விரலில் இல்லை. நாலு நாளாய் ஊட்டிய கையையா கடிப்பாய் என்று அதனிடமே கேட்டேன்.

இவர் ஓடி வந்து விரலைப் பிடித்துப் பார்த்தார். டாக்டரிடம் காட்ட உதவும் என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு தானே மருந்து போட்டுவிட்டார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை எனக்குச் சூடு பட்டபோது இப்படி மருந்து போட்டிருக்கிறார், அதற்கப்புறம் இன்றுதான்.

மதியம் வழக்கம்போல, குழம்புச் சட்டியில் கடைசிச் சோற்றைப் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இதுதான் கடைசி வாய். இடது கையால் பிடித்தேன். இவர் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டு, இடது கைச் சோறும் ருசிதான் என்று கிண்டல் செய்தார்.

ஜூன் 12, புதன்

காலையிலிருந்து மீன் வறுவல் பொடி. மிளகாய், மல்லி, பூண்டு, எல்லாம் வறுத்து அரைத்து முடிக்க மூன்று மணி. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். கடுகு இரண்டாவது முறை கடித்தது, இந்த முறை நடுவிரல்.

ரத்தத்தின் மேல் மஞ்சள்பொடியை வைத்து அழுத்தினேன். ஈரோட்டுக்காரிக்கு வேறென்ன தெரியும். அப்புறம் மனசு கேட்காமல் அதே கையை மறுபடி நீட்டினேன். அது மஞ்சளை நக்கியது. நக்கியதும் வாயில் நுரை தள்ளிற்று. தலையை முறுக்கி அந்த நுரையை எடுத்துத் தன் முதுகு முள்ளிலேயே பூசிக்கொண்டது. அத்தை, ஐயோ வெறி பிடிச்சிருச்சு என்று வாசலுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பக்கத்து வீட்டில் கேட்டைச் சாத்தினார்கள்.

இவர் மட்டும் ஓடவில்லை. நின்று நிதானமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பயமில்லை, அது அப்படித்தான் என்றார். உங்களுக்கெப்படித் தெரியும் என்றேன். யூடியூப் என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். எலி கடித்ததென்று சொன்னேன். முள்ளெலி என்றால் அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

ஜூன் 15, சனி

மூன்றாவது. மோதிர விரல். போட்டோ எடுத்தார்.

ஜூன் 18, செவ்வாய்

மேடம், ஒருவேளை இதைப் படித்தால், இன்று நான் சொன்னது வாய் தவறி வந்த வார்த்தை.

இருபது கிலோ ஆர்டர். மிக்சர் கடைக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அந்த அவசரத்திலும் நேரம் தவறாமல் முட்டையோடு போய் உட்கார்ந்தேன். நக்கியது, சுண்டுவிரலைக் கடித்தது, விடாமல் தொங்கியது. "சனியனே, எங்கியாச்சும் போய்த் தொலை" என்று கத்திவிட்டேன். கை துடைக்கிற துண்டையும் எடுத்து எறிந்தேன். அதன் மேல் இல்லை, சுவரில்தான், பட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. அது பந்தாகச் சுருண்டுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் இவர் வாசற்படியில் போனோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரென்று தெரியவில்லை. போய் மருந்து டப்பாவை எடுத்து வந்தார்.

பெட்டியைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஊட்டுகிறேன், கழுவுகிறேன், துடைக்கிறேன். வேளாவேளைக்கு வாயில் வைக்கிற கையைத்தான் கடிக்குமென்றால் இது என்ன நன்றிகெட்ட ஜென்மம்? பிறகு, ஒரு குழந்தையும் இப்படி என்னிடம் ஒட்டாமல் போனால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று கட்டைவிரலையும் கடித்துவிட்டது, ஐந்தாவது கடி. உருண்டை பிடிக்க வலது கையில் நல்ல விரலே இல்லை. இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன்னால முடியலீன்னா பரவால்ல கோகிலா, ஆரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார். கடுகைத்தான் சொல்கிறார். வேறு எதைச் சொல்லப் போகிறார்.

ஜூன் 27, வியாழன்

கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நேற்று முடிவு செய்தேன். காலையில் பார்த்தால், எறிந்த துண்டுக்குள் புகுந்து மூக்கு மட்டும் வெளியே தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. மனசு மாறிவிட்டது. பெட்டியோடு ஆட்டோ பிடித்து மிருக டாக்டரிடம் போனேன். இவரிடம் சொல்லவில்லை, லீவு போட்டு அலைவாரே என்றுதான்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். என் கையைத் தன் மூக்கருகே கொண்டு போய் மோந்து பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீங்க என்ன வேலைங்க செய்யறீங்க?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

அதற்குக் கண் பார்வை மங்கல்தானாம், மூக்குதான் எல்லாம். பூண்டும் மிளகாயும் என் தோலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. நுரை தள்ளியது வெறியும் இல்லை, வலிப்பும் இல்லை, புது வாசனை கிடைத்தால் அதை மென்று முதுகில் பூசிக்கொள்வது அதன் வழக்கமாம். நக்குவதும் முத்தமில்லை. தின்கிற பொருளா என்று ருசி பார்ப்பது. நக்கினால் அடுத்தது கடி.

பிறகு எப்படிச் சாப்பாடு தருகிறீர்கள் என்று கேட்டார். விரலில் வைத்து ஊட்டுகிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அதுக்கு வெரலுதான் சாப்பாடுன்னு நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க. அது உங்களக் கடிக்கல. சோத்தக் கடிக்குது. வித்த கடையில சொல்லலீங்களா? இத மொதல்ல சொல்லிட்டுத்தான குடுப்பாங்க?"

சொல்லவில்லை என்றேன். கடைக்காரனை மனதாரத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

டாக்டரம்மா சொன்னவை: கரண்டி. வாசனையில்லாத சோப்பு. மசாலா வேலைக்கு ரப்பர் கையுறை. என் வாசனை பழக, நான் இரண்டு நாள் உடுத்திய பழைய நைட்டித் துணி ஒரு துண்டு பெட்டிக்குள். சீறினால் காத்திருக்க வேண்டும். கடித்தால் உதறக் கூடாது, உதறினால், கடித்தால் விட்டுவிடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளுமாம்.

அத்தையிடம் சொன்னேன். கரண்டியில ஊட்டறது ஒரு ஊட்டறதா என்று முனகினார். ஆனாலும் தேடிப் பிடித்து நீளக் காம்புள்ள சின்னக் கரண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 2, செவ்வாய்

ஐந்து நாளாகக் கடி இல்லை. இன்று உள்ளங்கை மேல் ஏறி, மோந்து, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. வயிற்றுப் பக்கம் முள்ளில்லை. வெதுவெதுப்பாக, பூனைக்குட்டியை விட மெத்தென்று இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓ" என்றார். போட்டோ எடுங்க என்றேன். போன் சார்ஜில் இருக்கிறதாம்.

ஜூலை 4, வியாழன்

கடுகுக்குத் தீனி தீர்ந்துவிட்டது. பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கோயமுத்தூர்க் கடைக்குப் போன் செய்தேன். ரியாஸ் என்பவர் எடுத்தார். தீனி சொல்லிவிட்டு, வைத்திருந்த கோபத்தையும் கொட்டினேன். விரலால் ஊட்டக் கூடாதென்று ஒரு வார்த்தை சொல்லி விற்றிருக்கலாமே, ஐந்து கடி வாங்கியிருக்கிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அக்கா, சார்கிட்டத் தெளிவாச் சொன்னனே. தாள்லயே அச்சடிச்சுக் குடுத்திருக்கேன். மொத வரியே அதுதான்" என்றார். கூடவே, "சார் படிச்சுப் பாத்துட்டு, ஊட்டுனா கடிக்குமான்னு கேட்டாருங்க. கண்டிப்பாக் கடிக்கும்னேன். மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாரு" என்றார்.

அந்தத் தாளை வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பினார். மேலே பெரிய எழுத்தில், விரலால் ஊட்டக் கூடாது.

மறந்திருப்பார். ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கிறது. கடைக்குப் போனால் நான் சொன்ன நாலு சாமானில் இரண்டை மறந்துவிட்டு வருகிறவர்தானே.

மறந்துதான் போயிருப்பார்.

ஜூலை 5, வெள்ளி

இவர் வேலைக்குப் போனதும் தத்து ஃபைலை எடுத்தேன். அதை எப்போதும் இவர்தான் வைத்திருப்பார், பீரோவின் மேல்தட்டில், வேட்டிகளுக்கு அடியில். மெடிக்கல் சர்டிபிகேட் ஒன்று தேட வேண்டியிருந்தது. இல்லை, பொய் எதற்கு, அந்தத் தாளைத்தான் தேடினேன்.

இருந்தது. நாலாக மடித்து. அதன் கீழே, மையத்துக்கு ஜூன் 20-ஆம் தேதி இவர் அனுப்பிய கடிதத்தின் நகல். அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

'என் மனைவிக்கு ஆசை இருக்கிறது, பொறுமை இல்லை. வீட்டில் ஒரு சிறு பிராணியைக்கூட அவரால் அன்போடு கையாள முடியவில்லை. அது அவரைக் கண்டாலே கடிக்கிறது. அவர் அதைச் சனியன் என்று திட்டி, துணியால் அடிக்கிறார். இதை உங்களிடம் மறைப்பது ஒரு குழந்தைக்குச் செய்யும் துரோகம் என்று கருதுகிறேன். முடிவைத் தாங்களே எடுத்து, தங்கள் தரப்பிலிருந்தே அவரிடம் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.'

இணைப்பு என்று போட்டு நாலு போட்டோ. என் விரல்கள். ஒவ்வொன்றையும் எடுத்த பிறகுதான் மருந்து போட்டுவிட்டிருக்கிறார்.

துரோகம் என்ற வார்த்தையை அவரேதான் எழுதியிருக்கிறார், நான் தேட வேண்டிய வேலையில்லை.

ஜூலை 6, சனி

பத்துக் கிலோ மிளகாய் அரைத்தேன். கண் எரிந்தது. அத்தை கேட்டபோது மிளகாய் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

அத்தை கோபிசெட்டிபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சமைக்கவில்லை. தாளையும் கடிதத்தையும் டீப்பாயில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

மறுப்பாரென்று நினைத்தேன், மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இஷ்டமில்லையாம். யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கி வந்து தன் பிள்ளை என்று சொல்ல நாக்கு வராதாம். இரண்டு வருஷமாக ஃபாரம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாரே, அதெல்லாம் எனக்காகவாம்.

"நீ அத்தன ஆசையா இருந்தே. உம் மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்ல முடியல. அவிங்களே வேண்டாம்னுட்டா, உனக்கு எம்மேல கோவம் வராதுன்னு நெனச்சேன்."

"எனக்கு எம்மேலயே கோவம் வரட்டும்னு உட்டுட்டீங்க" என்றேன்.

அவர் அழுதுவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அழுது பார்த்ததில்லை, என் கை தானாகவே நீளப் பார்த்தது, மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமை மேடம் வரும்போது, எனக்கு இஷ்டமில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கோகிலாவிடம் குறையில்லை என்றும் சொல்லுங்கள். அது போதும். சரி என்றார். என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

ஜூலை 8, திங்கள்

அத்தை திரும்பி வந்ததும் எல்லாம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாது அம்மிணி. அந்தத் தாளு இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா உன்ன ஊட்டச் சொல்லியிருப்பனா?" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

ஜூலை 12, வெள்ளி

மேடம் பதினோரு மணிக்கு வந்தார். காபி குடித்தார். ஃபைலைத் திறந்தார். அந்தக் கடிதம் மேலேயே இருந்தது, தலைகீழாகக்கூட எனக்கு மனப்பாடம். அவர் இவரைப் பார்த்து, நீங்கள் எழுதியதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார்.

நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைமேல் வைத்த கை முழங்கால் மேல் இருந்தது.

"நான் எழுதுனதுல ஒண்ணும் மாத்தமில்லீங்க. அவளுக்குப் பக்குவம் பத்தாது" என்றார்.

நான் கத்தவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, பெட்டியிலிருந்து கடுகை இரண்டு உள்ளங்கையாலும் அள்ளி எடுத்து வந்தேன். பகல் நேரம், தூக்கக் கலக்கத்தில் ஒரு தரம் சீறியது. காத்திருந்தேன். முள் அடங்கியது. கையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது. கடைத் தாளை மேடத்திடம் கொடுத்து, இதை ஜூன் 2-ஆம் தேதியே படித்துவிட்டு, நான் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர், முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் இதைப் படியுங்கள் என்று இந்த நோட்டையும் நீட்டினேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். நோட்டை வாங்கவில்லை, அது உங்களுடையது என்றார்.

பிறகு இவரிடம், வேறெதுவும் வேண்டாம், உங்களுக்குக் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். இவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தைதான் உள்ளேயிருந்து, "வாயத் தொறந்து சொல்லுடா" என்றார்.

"வேண்டாங்க."

கடைசியில் இவ்வளவுதான் வார்த்தை. ஒரு மூச்சுக்குக்கூட வரவில்லை. இதைச் சொல்ல இரண்டு வருஷமும் ஒரு முள்ளெலியும் என் ஐந்து விரலும் தேவைப்பட்டிருக்கிறது.

தம்பதி என்றால் இருவர் சம்மதமும் வேண்டும், ஒருவருக்கு இல்லையென்றால் ஃபைலை மூடுவதைத் தவிர வழியில்லை என்று மேடம் சொன்னார். மூடினார். ரப்பர் பேண்ட் போடுகிற சத்தம் கேட்டது.

கேட் வரைக்கும் கூடப் போனேன். பெண்கள் தனியாகத் தத்தெடுக்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வழி இருக்குதுங்க. ஆனா அதுக்கு நீங்க மொதல்ல தனியா இருக்கோணும்" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் திண்டல் பக்கம் ஒரு வீடு பார்த்தேன். இரண்டு அறை, பின்னால் அரைக்கிற மெஷின் போட இடம். எத்தனை பேர் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். நானும் ஒரு முள்ளெலியும், இப்போதைக்கு என்றேன். வெளியே பலகையில் எழுதியிருந்த வாடகைக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றாம் தேதி வரலாம் என்றார்.

வந்து சமைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியில் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். விரல்கள் எல்லாம் ஆறிவிட்டன, காரம் எரியவில்லை. அத்தைக்கு ஒரு உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

இவரும் உள்ளங்கையை நீட்டினார், பழக்கத்தில்.

நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். கரண்டியை எடுத்து, மிச்சச் சோற்றை அள்ளி அவர் தட்டில் வைத்தேன். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது.